செக்கச்செவேலென்று ஒரு பழம்

அந்த அலுவலகக் கேண்டீனில் இருபத்திரண்டு வருஷமாகப் பரிமாறுகிறவருக்கு அரைக்கரண்டி என்று பெயர். கஞ்சத்தனம் கிடையாது, எல்லாம் பயம்தான். முழுக்கரண்டி அள்ளினால் சிந்திவிடுமோ, சிந்தினால் யாராவது வழுக்கி விழுவார்களோ என்று கவலைப்படுகிற மனுஷர். தான் ருசி பார்க்காத எதையும் அடுத்தவர் தட்டில் வைக்க மாட்டார்.

வியாழக்கிழமை வெளியூர் விருந்தாளிகளுக்காக மேலாளர் ஒரு பெட்டி டிராகன் பழம் வாங்கி அனுப்பினார். அரைக்கரண்டி அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. செதில் செதிலாகத் தோல், கத்தியை வைத்தால் உள்ளே செக்கச்செவேல். பலகை, விரல், கைத்துண்டு எல்லாம் சாயம். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் காத்திருந்தார். உயிரோடுதான் இருந்தார். அதற்குப் பிறகே எட்டுப் பேருக்குப் பரிமாறினார். மிஞ்சிய இரண்டை வீட்டுக்குக் கொண்டுபோனார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவரும் மனைவியும் ஆளுக்கொன்றாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை கழிவறையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. பழத்தின் ஞாபகம் துளியும் வரவில்லை. பயம் பிடித்த மண்டைக்குள் வேறு எது நுழையும்? மனைவியிடம் மூச்சு விடக் கூடாது, அவள் தாங்க மாட்டாள் என்று முடிவு செய்தார்.

அவளைப் பின்பக்கம் கூப்பிட்டு, தண்ணீர் மோட்டாரை எப்படிப் போடுவது, எந்தக் குழாயை முதலில் மூடுவது என்று காட்டினார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பதிலுக்கு அவரை உள்ளே அழைத்துப்போய், அவருடைய மாத்திரைகள் எந்த டப்பாவில் இருக்கின்றன என்று காட்டினாள். அப்புறம் ஊசி நூலைக் கையில் கொடுத்து, சட்டைப் பொத்தான் தைக்கப் பழகிக்கொள்ளச் சொன்னாள். நல்ல நேரம் பார்த்தாள் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. நூல் நுழையவில்லை. வாங்கிப் பார்த்த அவளும் நாலு தடவை ஊசிக்காதைத் தவறவிட்டாள்.

"உனக்கு என்ன ஆச்சு?"

அவள் உடைந்து அழுதாள். "காலையிலேர்ந்து ரத்தமாப் போகுதுங்க."

"எனக்கும்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாத்திரத் தொட்டியில் நேற்று பழம் தின்ற தட்டுகள் கழுவாமல் கிடந்தன. அவர் குழாயைத் திறந்தார். தட்டுகளில் பட்ட தண்ணீர் சிவப்பாக ஓடியது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நெஜமாவே ஏதாவது இருந்திருந்தா, எங்கிட்ட எப்ப சொல்லியிருப்ப?"

அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள்.

"சொல்லியிருக்க மாட்டேன். பொத்தான் தைக்க மட்டும் கத்துக்குடுத்திருப்பேன்."

காலையில் வந்ததைவிடப் பெரிய பயம் அரைக்கரண்டிக்கு இப்போதுதான் வந்தது. ஊசியை அவள் கையிலிருந்து பிடுங்கி டப்பாவில் போட்டு மூடினார்.

"எனக்குப் பொத்தான் தைக்கத் தெரியவே வேண்டாம்" என்றார்.