ஏகமனதாகத் தெரிவு

குகநாதன் அண்ணை இருபத்திரண்டு வருடங்களாக எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். லண்டனில், இல்ஃபோர்டில் வீடு, எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைத் தவிர வேறொரு செயலாளரை எனக்குத் தெரியாது. அதில் பாதிப் பழி அவருடையது, மீதி எங்களுடையது.

இளம் வயதில் சோவியத் புலமைப்பரிசில் கிடைத்து, கீவ் நகரில் ஆறு வருடம் படித்தவர். அங்கே ஆட்சி நடந்த விதத்தைச் சொல்லத் தொடங்கினாரென்றால் கையிலுள்ள தேநீர் ஆறிவிடும். சட்டப்படி மக்கள் மன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேல். ஆனால் மன்றம் கூடுவதற்கு முன்பே கட்சிக் குழு முடிவெடுத்துவிடும். மன்றம் கை உயர்த்தும். வாக்குச் சீட்டில் ஒரே ஒரு பெயர். அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டால் ஆதரவு. பெயரை வெட்டவேண்டுமென்றால் திரைக்குப் பின்னால் போகவேண்டும். திரைப்பக்கம் போவது யாரென்று பார்ப்பதற்கும் ஓர் ஆள் இருப்பார்.

"அதாலை ஒருத்தரும் போறேல்லை" என்று அண்ணை சிரிப்பார்.

அந்த நாடே இல்லாமல் போய்விட்டது. அதன் நிர்வாக முறை மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. பொதுக்கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு, அண்ணை வீட்டு முன்னறையில் நாலு பேர் ரோல்ஸ் சாப்பிட்டபடி யாருக்கு என்ன பதவி என்று பட்டியல் போடுவார்கள். அடுத்த ஞாயிறு பிளேஸ்டோ மண்டபத்தில் நாங்கள் கை உயர்த்துவோம். மற்றச் சங்கங்கள் இரண்டு மூன்றாக உடைந்தபோது, எங்களுடையது உடையவில்லை என்று பெருமை வேறு பேசினோம்.

இந்த வருடம் அவர் மனைவி சுசிலா அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். வீடு திரும்பினால் தலை தூக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைதான் எழுந்திருந்து இரண்டு வாய் சாப்பிடுவார். அந்த ஞாயிறுகளைச் சங்கம் தின்றுகொண்டிருந்தது. இந்த முறை விலகுவதாக அண்ணை அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதைக் கண்ணால் பார்க்கவென்றே அக்காவும் பொதுக்கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் இருந்தார். பின்னால் நான்.

"நான் விலகுறன். இந்த முறை பட்டியல் இல்லை. நீங்களே ஒருத்தரைச் சொல்லுங்கோ" என்றார் அண்ணை.

எல்லோரும் குனிந்து போனைப் பார்த்தோம். கடைசியில் உபசெயலாளர் றூபன் எழுந்தார்.

"ஆரெண்டு நீங்களே சொல்லுங்கோ அண்ணை. நாங்கள் கையை உயர்த்துறம்."

"அது ஏலாது, றூபன். ஆராவது தானா வரவேணும்."

ஒருவரும் வரவில்லை. முன்வந்து பழகியிருந்தால்தானே. பின்வரிசையில் யாரோ, "அப்ப அண்ணையே இருக்கட்டும்" என்றார். எங்களுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கைகள் உயர்ந்தன. என்னுடையதும்தான். இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணை களைத்துப்போய் உட்கார்ந்து, கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, வழக்கமான வசனத்தை எழுதினார்: "செயலாளராகத் திரு. குகநாதன் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்."

சுசிலா அக்கா மேசைக்கு வந்து அதை வாசித்தார்.

"என்ர கை கீழைதான் இருந்தது" என்றார் மெல்ல.

பேனா நின்றது. அண்ணை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பாக்கேல்லை, சுசிலா."

"ஓம், தெரியும்" என்று சொல்லிவிட்டு, அக்கா தன் கோட்டைத் தேடிப் போனார்.