ஒரு அடி உயரக் கலங்கல்

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் கலங்கல். எங்கள் ஏரிக் கலங்கலை ஒரு அடி உயர்த்தித் தரச் சொல்லி ஊர் எழுதிய மனுவில் முதல் கையெழுத்து அப்பாவுடையது. உயர்த்தினால் தண்ணீர் கூடுதலாக நிற்கும், மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, அறுவடைவரை பாயும். திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பதாக ஏற்பாடு.

நீரோட்டத்தைக் கணக்குப் போடுவதுதான் என் ஆராய்ச்சி. “பெருமழை பேஞ்சா என்னாவும்னு ஒரு தபா பாத்துட்றேம்பா,” என்றேன். “பாரு, ஜல்தியா பாரு,” என்றார்.

என் லேப்டாப்பில் அது மாசக்கணக்கில் ஓடும். எங்கோ தொலைதூர ஊரில் இருக்கும் சூப்பர் கம்ப்யூட்டரை நாடு முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர்கள் பங்குபோட்டுக்கொள்கிறோம். திண்டிவனம் பக்கத்து எங்கள் ஊர் வீட்டிலிருந்து வேலையை அனுப்பிவிட்டு, ரேஷன் கடையில் நிற்பதுபோல் காத்திருக்க வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவருடைய விமான இறக்கை, இன்னொருவருடைய புயல், வேறொருவருடைய இதய வால்வு. அதற்குப் பின்னால் எங்கள் ஊர் ஏரி. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்தப் பட்டியல் பிரமிப்புதான்.

மூன்று நாள் காத்திருந்து முடிவு வந்தது. வெள்ளம் ஏரிக்குள் கொட்டுகிறது, ஆனால் கலங்கலின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. நான் ஏரியை மில்லிமீட்டரில் வரைந்திருந்தேன். மென்பொருள் அதை மீட்டராக எடுத்துக்கொண்டது. பதினாறு மீட்டர் கலங்கல் பதினாறாயிரம் மீட்டராகிவிட்டது. முதல் வருஷப் பிள்ளைகள் செய்தால் நான் திட்டுகிற தப்பு இது. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திருத்தி அனுப்பினால் வரிசை அடுத்த புதன்வரை நீண்டிருந்தது. வெட்கத்தை விட்டு, பயனாளர்கள் எல்லோருக்கும் போகிற குழுவில் நடந்ததை எழுதினேன். பத்து நிமிஷத்தில் விமான இறக்கைக்காரர் பதில் போட்டார்: என் வேலையை நிறுத்திவைக்கிறேன், உங்கள் ஏரி முதலில் போகட்டும். அவர் ஆணா பெண்ணா என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிறு மத்தியானம் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரையில் ஓட்டினேன். பழைய மதகருகே தண்ணீர் வட்டமடித்தது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

“இந்த எடத்துல சுழிக்கும்மா. நம்ம எருமைய இங்கதான் இழுத்துக்கினு போச்சி. இத நீ போட்டியா?”

“இல்லப்பா. அதுவா வருது.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் கொடுத்தது தரையின் மேடு பள்ளம், மழை, சில சமன்பாடுகள். எருமையை இழுத்த சுழியை நான் கொடுக்கவில்லை. எங்கள் ஊரைப் பார்க்காத ஒரு இயந்திரம், ஆயிரக்கணக்கான செயலிகளில் பெருக்கிக் கூட்டி, அதே இடத்தில் அதைக் கண்டுபிடித்திருந்தது.

அப்பா சிரித்துக்கொண்டே பார்த்தார். தண்ணீர் ஏறியது. கலங்கல் ஒரு அடி உயர்ந்திருந்ததால் வழிய முடியாமல், கரை தாழ்ந்திருக்கும் கிழக்குக் கோடியில் புரண்டு, அடியிலிருக்கும் காலனித் தெருவுக்குள் இறங்கியது.

“எவ்ளோ ஆழம்?”

“இடுப்பளவுப்பா.”

மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாம் முறை பார்த்துவிட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனார். வீடு வீடாக ஏறி, மனுவில் கையெழுத்துப் போட்டவர்களிடம் வேண்டாமென்று அவரே சொன்னார். மனு விழுப்புரம் போகவில்லை.

அந்த வருஷம் பெருமழை வரவில்லை. பங்குனியில், காய் பிடிக்கிற நேரத்தில் ஏரி வறண்டது. எங்கள் மல்லாட்டை பாதி, பருப்பில்லாத பொக்காகப் போனது. மனுவை ஏன் தடுத்தாய் என்று ஊரில் சிலர் அப்பாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். என் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

ஒருநாள் நானே தாங்காமல், “என்னைய நம்பினதாலதானப்பா இப்பிடி ஆச்சு?” என்றேன். பிடுங்கிய செடியிலிருந்து மண்ணை உதறிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“தெருவுல தண்ணி நிக்கறத பாத்துட்டேன்மா,” என்றார். “பாக்காத மாரி எப்பிடி இருக்கறது?”