பச்சையாக நின்ற வேங்கை

எனக்கு எழுபத்தெட்டு வயசு, வளர்த்தது அஞ்சு பிள்ளைகள். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தக்காளித் தோட்டத்தில் காட்டு வேங்கை மரத்தின் நிழல் விழுந்தது. வெட்டினால் வனத்துறை கேஸ் போடும். அதனால் மரம் தானாகக் காயட்டும் என்று அடிப்பட்டையைச் சுத்தி உரித்து, தெரியாமலிருக்க மண்ணால் மூடிவிட்டேன்.

மரங்களை ஆராய வந்த பெண் ஒருத்தி, இலையில் கிளிப் மாட்டிக் கொஞ்ச நேரம் இருட்டாக்கி, கை மிசினால் லைட் அடித்துப் பார்த்தாள்.

"ஆயா, மரத்துக்கு உள்ளுக்குள்ள நோவுங்க. தண்ணி பத்தல போல."

"பச்சப் பசேல்னு நிக்குது. நோவு உன் மிசினுக்குத்தான்!"

அவள் தினமும் குடம் குடமாக ஊற்றினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் காய்ந்ததும் ஊர் முன்னால், "உன் லைட்டுதான்டி கொன்னுது" என்றேன்.

"லைட் இல்லைங்க ஆயா, நான் ஊத்துனதுதான் பத்தல. மன்னிச்சிருங்க" என்று என் கையைப் பிடித்து அழுதாள்.

அவளுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை; நான் பெத்ததுகள்கூட என்னை அப்படி நம்பியதில்லை.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படி பார்க்கலாம். பட்டை உரிச்சதை விட்டுடாதே.