சிவப்புக் கயிறு கட்டிய சொட்டு மருந்து

லேசர் அறையில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, பயந்து எழுந்து ஓடுகிறவர்களைப் பிடித்து உட்கார வைப்பது.

கள்ளக்குறிச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே சீட்டு எழுதும் இடத்தில்தான் முதலில் சேர்ந்தேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று கூட வேலை பார்த்தவர்கள் குறை சொன்னார்கள். டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டு, "அந்த வாய லேசர் ரூமுக்கு அனுப்புங்க, அங்கதான் தேவைப்படுது" என்றார். நர்ஸ் படிப்பெல்லாம் நான் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்தும், திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டதுதான். அப்படியே பதினெட்டு வருஷம் எல்லோருக்கும் 'சிஸ்டர்' ஆக இருந்துவிட்டு, போன வருஷம் வேலையை விட்டேன். இப்போது அந்த அறையில் இருக்கும் பெண்பிள்ளைகள் அவ்வப்போது போன் பண்ணி, "பேஷண்டுக்கு எப்படிக்கா சொல்றது?" என்று கேட்கிறார்கள். போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

1. நோட்டுப் புத்தகம்

குளுக்கோமா என்பது கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிற நோய். பெரும்பாலும் வலிக்காது. ஓரத்திலிருந்து பார்வை போகும், அதனால் போவதே தெரியாது. போனது திரும்ப வராது. சில பேருக்குக் கண்ணுக்குள் நீர் வடிகிற வழி அடைத்துக்கொள்ளும். அவர்களுக்குக் கண்மணியைச் சுற்றியிருக்கும் படலத்தில் லேசரால் ஊசிமுனை அளவு ஒரு துளை போடுவார்கள். எங்கள் பேச்சில் அதற்குப் 'பி.ஐ.' என்று பெயர். துளை போடுவது ஐந்து நிமிஷ வேலைதான். அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஆளைத் தயார் பண்ணுவதுதான் பெரிய வேலை.

"வலிக்காது" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் முடித்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். தியாகதுருகத்து வெல்டர் ஒருவர், "கண்ணாடி போடாம வெல்டிங் பாத்த மாதிரி" என்றார். கரும்பு வெட்டும் ஒருவர், "கரும்புச் சோகை முனை கண்ணுல பட்டா சுருக்குங்கும்ல, அவ்ளோதான்" என்றார். ரிஷிவந்தியத்திலிருந்து வந்த டீச்சரம்மா, "யாரோ நெத்திக்குள்ள உக்காந்துகினு ஸ்டேப்ளர் அடிச்சாங்க" என்றார். அடுத்து வருகிறவருக்கு இவற்றைப் படித்துக் காட்டுவேன். சிரித்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முன்னாலும் பின்னாலும் வருகிற தொந்தரவுகளையும் சொல்லிவிடுவேன். லேசருக்கு முன்பு கண் பாப்பாவைச் சுருக்க ஒரு சொட்டு விடுவார்கள், அதில் புருவம் இழுத்து வலிக்கும், வெளிச்சம் மங்கும். முடிந்த பிறகு சில மணி நேரம் புகைமூட்டமாகத் தெரியும், கண் சிவக்கும், தலை கனக்கும். சில பேருக்கு அழுத்தம் திடீரென்று ஏறும். அதனால் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி அளந்து பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. ராமாயி

ராமாயி கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊரிலிருந்து வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். சாமையும் மரவள்ளியும் போட்ட காடு, சீசனில் கடுக்காய் பொறுக்குவது, இதுதான் பிழைப்பு. கூட வீட்டுக்காரர் பழனி வந்திருந்தார். ராமாயியின் வலது கண் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் இடது கண்ணில் தூசி விழுந்து, அதை மூடித் தேய்த்தபோது எல்லாம் இருட்டாக இருந்திருக்கிறது. அப்போதுதான் கண்டுபிடித்தார். மிச்சமிருந்த அந்த இடது கண்ணிலும் இப்போது அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"சிஸ்டரு, ஒண்ணே ஒண்ணு வச்சிக்கினு இருக்கேன். அதையும் பொசுக்கிட்டீங்கன்னா நான் இன்னா பண்றது?" என்று கேட்டார்.

"பொசுக்க மாட்டாங்க. மிச்ச பார்வை போவாம இருக்கத்தான் இது."

"அப்போ போன கண்ணு?" என்றார் பழனி.

"அது போனது போனதுதான் அண்ணே."

"பின்ன எனக்கு இன்னா லாபம்?" என்றார் ராமாயி.

"இப்ப என்னப் பாக்குறீங்களே, அது அப்படியே இருக்கும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரொம்பப் பெரிய லாபம்தான்" என்றார். பழனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ராமாயி மோவாயை லேசர் மெஷினின் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். தலையைப் பின்னாலிருந்து நான் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா ஜெல் தடவிய லென்ஸைக் கண்மேல் வைத்து வேலையை ஆரம்பித்தார். முடிந்ததும் ராமாயி, "சோளம் பொரியிற சத்தம், நடுநடுவுல மின்னல். இவ்ளோதானா? இதுக்கா நாலு நாளா சோறு தண்ணி இல்லாம கெடந்தேன்?" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோது அழுத்தம் பதினெட்டு. நல்ல அளவு. மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, பழனி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வெளியே பெஞ்சு நிறைய ஆள். அவசர அவசரமாகச் சொட்டு மருந்தை விளக்கினேன்.

மருந்து இரண்டு. ஒன்று, லேசர் புண் ஆறுவதற்கு. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், ஒரு வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். மற்றது அழுத்தத்தைக் குறைப்பது, நிறுத்தவே கூடாது. இரண்டுமே சின்ன வெள்ளை பாட்டில். கம்பெனி மாறினால் மூடியின் நிறமும் மாறிவிடும். அதனால் எழுத்துத் தெரியாதவர்களுக்கு, நிறுத்தக் கூடாத பாட்டிலின் கழுத்தில் நான் ஒரு சிவப்புக் கயிற்றைப் பல சுற்றாகக் கட்டிக் கொடுப்பேன். இது என் சொந்த யோசனை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"கயிறு கட்டியிருக்கேன் பாருங்க. இத எந்தக் காரணம் கொண்டும் வுட்றக் கூடாது, ஆயுசுக்கும். கயிறு இல்லாதது ஒரு வாரம்தான், அப்புறம் தூக்கிப் போட்டுடுங்க. புரிஞ்சுதா?"

ராமாயி கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "புரிஞ்சுது. வுட மாட்டேன்."

அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். எதற்காக என்று யோசிக்கவில்லை. 'சொட்டு மருந்து விளக்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

3. பால் மருந்து

ஒரு வாரத்தில் வரச் சொல்லியிருந்தோம், வரவில்லை. போன் பண்ணினேன். "கண்ணு நல்லாகீது சிஸ்டரு, மருந்து ஊத்திகினுதான் இருக்கோம். சாமை அறுப்பு முடிச்சிட்டு வரோம்" என்றார் பழனி. மருந்து விடுகிறார்கள் என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. எந்த மருந்து என்று கேட்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து வந்தார்கள். வந்ததும் ராமாயி காலி பாட்டிலை நீட்டி, "மருந்து தீந்துபோச்சு, இன்னொண்ணு குடு" என்றார். அது பால் மருந்து. ஒரு வாரத்தில் தூக்கிப் போடச் சொன்னது.

உடனே அழுத்தம் பார்க்க உட்கார வைத்தேன். நாற்காலியின் கைப்பிடியில் கையை வைத்தார். இடது மணிக்கட்டில் வெளுத்துப்போன சிவப்புக் கயிறு. சும்மா பேச்சுக் கொடுக்க, "எந்தக் கோயில் கயிறு?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்வி இது? நீ குடுத்ததுதான்."

"நானா?"

"வுட்றாதன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தியே. பாட்டில்லயே இருந்தா எங்கனா அத்துகினு பூடும்னு கையில கட்டிக்கினேன். கட்டுன நாள்லேர்ந்து கறி மீனு கூடத் துன்னல."

அழுத்தம் முப்பத்தெட்டு.

நடந்ததைப் பழனி சொன்னார். கயிறு கைக்குப் போன பிறகு இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. ஒன்றை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது. ஒரு மருந்து விட்டால் எரிந்தது, மற்றது குளுகுளுவென்று இருந்தது. லேசர் சூட்டுக்குக் கொடுத்ததுதான் எரிகிறது, குளிர்ச்சியாக இருப்பதுதான் கண்ணுக்கு என்றைக்கும் நல்லது என்று இருவரும் பேசி முடிவு பண்ணியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் முடிவு பண்ணியிருப்பேன். ஆனால் எரிகிறதுதான் அழுத்த மருந்து. பால் மருந்தில் இருப்பது ஸ்டீராய்டு. நாள்கணக்கில் விட்டால் சில பேருக்கு அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும். ஐந்து வாரமாகக் காப்பாற்றுகிற மருந்தை நிறுத்தி, கெடுக்கிற மருந்தை ஒரு வேளை தவறாமல் விட்டிருக்கிறார்கள்.

டாக்டரம்மா சீட்டைப் புரட்டினார். விளக்கப்பட்டது என்ற இடத்தில் என் கையெழுத்து. "யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றார், ராமாயியைப் பார்த்து.

ராமாயி என்னைக் கைகாட்டவில்லை. "நாங்கதான் மறந்துட்டோம்" என்றார்.

"இல்ல டாக்டர், நான்தான். கயிறு கட்டிக் குடுத்தது நான்" என்றேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அன்று திட்டியிருக்கலாம். "நீ சொன்னது கரெக்ட்டுதான். அவங்க என்ன எடுத்துக்கிட்டாங்கன்னு கேட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

4. போன மூலை

பால் மருந்தை நிறுத்தி, மாத்திரை கொடுத்து, எரிகிற சொட்டை மறுபடி ஆரம்பித்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் இறங்கியது. அடுத்த மாதம் பதினேழு. ஆனால் பார்வைப் பரப்பை அளக்கிற டெஸ்டில், மேல் மூலையில் முன்பு இல்லாத கருப்பு இருந்தது. அந்த ஐந்து வாரத்தால்தானா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "இருக்கலாம். அப்படி இல்லன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

ராமாயியிடம் அதை நானே சொன்னேன். மேல் மூலை போய்விட்டது, வராது, சரியாகச் சொல்லிக் கொடுக்காதது என் தப்பு என்றேன். அவர் மேலே சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கடுக்கா மரத்துல மேல பாக்கணும்னா அண்ணாந்துக்கணும், அவ்ளோதானே. உன் மூஞ்சி தெரியுது. அந்த லாபத்துல கைய வச்சிடாத."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "ஆயுசுக்கும் வுடுறத உப்பு ஜாடி பக்கத்துல வச்சிக்கிறேன். உப்பு போடாம ஒரு நாளு போவாது. இந்தக் கயிறு கியிறு எல்லாம் வாணாம்." சொல்லிக்கொண்டே மணிக்கட்டில் இருந்ததை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

எழுந்து போகும்போது நின்று, "ஒண்ணு கேக்கணும் சிஸ்டரு" என்றார். "வெயில்ல போவச்சொல்ல கீழ வெள்ளையா ஒரு கோடு தெரியுது. கண்ண மூடித் தொறந்தாலும் போவல. அது இன்னா?"

லேசர் போட்ட துளை வழியாக வெளிச்சம் உள்ளே போனால் சில பேருக்கு அப்படி ஒரு கோடு தெரியும். ஆபத்தில்லை. பல பேருக்கு நாளாக ஆகப் பழகிவிடும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். விளக்கிச் சொன்னேன்.

"இத நீ மொதல்ல சொல்லலியே?"

"சொல்லல. சொன்னா பயந்துகினு லேசரே வாணாம்னுடுவீங்கன்னு வுட்டுட்டேன்."

"நான் ஒரு மாசமா மிச்ச கண்ணும் பூடுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

நோட்டில் ஜனங்கள் சொன்ன வேடிக்கைகளுக்குக் கீழே, நான் சொல்லாமல் விட்டவற்றையும் அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தேன். முதல் வரி, ராமாயியின் வெள்ளைக் கோடு.

பெண்பிள்ளைகளே, பேச வருகிறது என்பதால்தான் என்னை அந்த அறைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வேலையில் இருந்த வருஷமெல்லாம், பேசி முடித்ததும் இரண்டு பாட்டிலையும் பேஷண்ட் கையில் கொடுத்து, "இப்போ நான்தான் பேஷண்டு, நீங்க சிஸ்டரு. எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் சரியாகச் சொல்லி முடிக்கும் வரை கையெழுத்துப் போட்டதில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தாலும் சரி, பெஞ்சு நிறைய ஆள் இருந்தாலும் சரி. ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் வரும். ராமாயியின் அந்த மூலை வரவில்லை.