தாளிதத்துக்குத் திறந்த கதவு

மெல்பேர்னில் எங்கள் தெருவில் ஒரு விளக்கு பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நகரசபையான கவுன்சிலுக்கு எழுதினேன், தொலைபேசியில் பிடித்தேன், கடைசியில் நேரே போய் நின்றேன். விளக்கு அணையவில்லை. பதிலாக ஒரு மின்னஞ்சல் வந்தது. மின்சாரச் சிக்கனம், சுற்றுச்சூழல் ஆகியவற்றைப் பற்றி நகரத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, விருப்பமிருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். என் வாயை அடைக்க அவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது என்றார் என் கணவர். அவர் அப்படிச் சொன்னதற்காகவே விண்ணப்பித்தேன்.

மாதத்துக்கு ஒரு முறை, மல்கிரேவில் வேலை முடிந்ததும் காரை நேரே கவுன்சில் கட்டடத்துக்கு விடுவேன். வெள்ளரிக்காய் சாண்ட்விச் இருக்கும், ஆறிய தேநீர் இருக்கும். குழுவின் தலைவி ஓய்வுபெற்ற பொறியியலாளர், வெள்ளைக்காரப் பெண்மணி. இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு மரியாதை சொல்லித் தொடங்குவார், சொன்ன நேரத்துக்கு முடித்தும் விடுவார். நாங்கள் ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. கலியாண வீட்டில் பெரியப்பாமாருக்கு இருக்கும் அதிகாரம்தான் எங்களுக்கும். ஆனால் பெரியப்பாமார் முகம் சுளித்தால் கலியாணம் எப்படி ஆட்டம் காணும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குழுவில் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்று. அதை நினைத்தால் இன்றைக்கும் என் நடை கொஞ்சம் நிமிர்கிறது.

ஒரு குளிர்காலத்துக் கூட்டம். கவுன்சிலுக்குச் சொந்தமான மண்டபங்கள் எவ்வளவு மின்சாரமும் காஸும் தின்கின்றன என்று ஆராய ஒரு நிபுணரை அமர்த்தியிருந்தார்கள். சிவப்புத் தாடிக்காரர், மழையிலும் சைக்கிளில்தான் வருவார். அவர் திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். மற்ற மண்டபங்களின் கோடுகள் அமைதியாகப் படுத்திருந்தன. ஒன்று மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் துள்ளி எழுந்தது. அந்த மண்டபம் பழையது, சுவர்கள் சரியில்லை, வெப்பம் நிற்காது என்பது அவர் முடிவு. அடுத்த வருடத்திலிருந்து குளிர்கால மாதங்களில் அதை மூடிவிடலாம், அங்கே கூடுகிறவர்களைப் புதிய விளையாட்டு அரங்கத்தின் அறைக்கு அனுப்பலாம் என்று பரிந்துரைத்திருந்தார்.

அது எங்கள் புறநகரான நோபல் பார்க்கில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் மண்டபம். கோடு துள்ளும் நாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமைகளில் அங்கே எங்கள் முதியோர் சங்கம் கூடும். யாழ்ப்பாணத்தார், வன்னிப் பக்கத்தார், மலேசியாவிலிருந்து வந்த சிலர், சென்னைப் பக்கத்து ஒரு தம்பதி, எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு. எனக்கு வெள்ளி விடுமுறை என்பதால் பரிமாறப் போவேன். சமையல், எல்லோரும் அன்ரி என்று அழைக்கும் ஒரு மூதாட்டியின் பொறுப்பு. பொறுப்பு என்பதைவிட ஆட்சி என்பது சரி. இலங்கையில் சண்டை முடிந்த பிறகு மகனிடம் வந்து சேர்ந்தவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால், பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வரை, அந்த வீட்டில் அவரோடு பேசுவதற்குத் தொலைக்காட்சியைத் தவிர ஒருவரும் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அவர் குரல் மண்டபத்தின் மறுகோடி வரை கேட்கும்.

புதிய அரங்கத்தின் அறையில் சமைக்கக் குசினி இல்லை. வெந்நீர்க் குழாய் ஒன்றும் மைக்ரோவேவ் ஒன்றும் இருந்தன. அங்கே அனுப்பினால் சாப்பாடு நின்றுவிடும், சாப்பாடு நின்றால் சங்கமும் நின்றுவிடும் என்பதற்கு நிபுணர் தேவையில்லை.

அதைவிட மோசம், அந்தக் கோடு ஏன் துள்ளுகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஆட்கள் மண்டபத்தின் கதவுகளை விரியத் திறந்து வைத்துக்கொண்டு ஹீட்டரை உச்சத்தில் விட்டிருந்தார்கள்.

அது வேண்டுமென்று செய்ததல்ல. முன்பொரு பொங்கல் விருந்துக்கு அன்ரி தாளித்தபோது கூரையிலிருந்த புகை அலாரம் அலறித் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. பட்டுச் சேலைகளும் வேட்டிகளும் தெருவில் மழைத் தூறலில் நின்றன. தலைக்கவசம் போட்ட வீரர்கள் சாம்பார்ச் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கவுன்சில் எச்சரித்தது. அன்றிலிருந்து, எண்ணெய் காய்ந்ததும் அன்ரி குசினியிலிருந்து குரல் கொடுப்பார்: "கதவைத் திறவுங்கோ, தாளிக்கப்போறன்." மண்டபமே எழுந்து எல்லாக் கதவுகளையும் திறந்து, உட்கார்ந்திருந்த கதிரைகளையே முட்டுக் கொடுக்கும். பிறகு மூடுவதும் இல்லை. கறி மணம் போட்டிருக்கும் கோட்டுகளில் ஏறினால் பின்னேரம் காரில் பேரப்பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள் என்று யாரோ தொடக்கி வைக்க, அதுவும் சேர்ந்துகொண்டது. ஆக, மெல்பேர்ன் குளிர்காற்று ஒரு பக்கத்தால் வந்து மறு பக்கத்தால் போகும். மேலே ஹீட்டர் முழங்கும். கீழே எல்லோரும் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக இருந்து சோறு குழைப்பார்கள். எனக்கு அதில் ஒரு விசித்திரமும் தெரிந்ததில்லை. திரையில் கோடாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சொல்வதா விடுவதா என்று தவித்தேன். சொன்னால், மூடுவதற்கு நானே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். இந்த ஆட்களே இப்படித்தான் என்று ஒரு மெல்லிய சிரிப்பு மேசையைச் சுற்றி வரும். அந்தச் சிரிப்பை நினைத்ததும் எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். சுவரில் பிழையில்லை, கதவு திறந்திருக்கிறது, அது ஏன் திறந்திருக்கிறது என்று தெரியாமல் மண்டபத்தை மூடுவது ஆலோசனை அல்ல என்று சொன்னேன். தாளிதம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கினேன், கைகளாலும் சேர்த்து.

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வருகிற வெள்ளி அங்கே வரலாமா என்று கேட்டார்.

வந்தார்கள், தலைவியும் தாடிக்காரரும். கதவு திறப்பையும் கண்ணால் கண்டார்கள். தாடிக்காரர் குசினிக்குள் போய் அடுப்புக்கு மேலே இருந்த காற்றாடியை ஓடவிட்டார். அதனடியில் ஒரு மெல்லிய கடதாசியைப் பிடித்து, காற்று இழுக்கிறதா என்று பார்த்தார். பிறகு கதிரையில் ஏறி மேல் அலமாரியைத் திறந்தார். புகை வெளியே போவதற்கு இருக்கவேண்டிய குழாய் அங்கே இல்லை. அந்தக் காற்றாடி அன்ரியின் சட்டியிலிருந்து புகையை இழுத்து, வலையில் வடித்து, அதே புகையை அன்ரியின் தலைக்கு மேலால் மண்டபத்துக்குள் திருப்பி விட்டுக்கொண்டிருந்தது. அவர் இறங்கி வந்து தன் அறிக்கை பிழை என்று தலைவியிடம் நேராகச் சொன்னார். அப்படிச் சொல்கிற மனிதரை எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. தலைவிக்குத்தான் கோபம். ஒரு குழாய் இல்லாததற்காக ஒரு மண்டபத்தை மூடப் பார்த்தோமே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

குழு தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது. கவுன்சில் அந்தக் கோடையில் குசினியைத் திருத்தும்: சுவரைத் துளைத்துக் குழாய் போடும், காஸை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கும். அடுத்த குளிர்காலம் தொடங்கியதும் கதவுகளை மூடி ஒரு வெள்ளி சமைத்துக் காட்ட வேண்டும். அலாரம் அடித்தால் மூடுவது பற்றிய பேச்சு திரும்பவும் மேசைக்கு வரும்.

இனி அன்ரி. நெருப்பில்லாத அடுப்பு என்றதும் அவர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"எண்ணெய் என்னைப் பாத்துச் சிரிக்கும் பிள்ளை," என்றார். "நான் நெருப்பைப் பாத்துச் சமைக்கிற ஆள்."

போதாததற்கு அவருடைய பெரிய அலுமினியச் சட்டிகளில் ஒன்றுகூட அந்த அடுப்பில் சூடாகாது. சங்கத்துத் தலைவர் கெஞ்சிப் பார்த்தார், நான் வாதாடிப் பார்த்தேன். அன்ரி ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: இந்த அடுப்பு இல்லையென்றால் குளிருக்கு மண்டபம் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை.

அவர் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"வெள்ளிக்கிழமை இல்லாட்டி நான் என்னத்துக்குப் பிள்ளை எழும்புறது?"

அதற்குப் பிறகு அவர் அடுப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை ஸ்பிரிங்வேலுக்குச் சட்டி வாங்கப் போனோம். காந்தம் ஒட்டுகிற சட்டிதான் அந்த அடுப்பில் சூடாகும் என்று சொல்லியிருந்தேன். கடையில் அன்ரி கைப்பையைத் திறந்து, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த முருகன் காந்தத்தை எடுத்தார். ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்த்து அடியில் முருகனை வைத்தார். முருகன் சில சட்டிகளில் நிற்காமல் விழுந்தார். சந்தனப்பொட்டு வைத்த ஒருவர் வரிசையாகச் சட்டிகளின் அடியைச் சோதிப்பதை வியட்நாமியக் கடைக்காரம்மா வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார். ஒரு பெரிய சட்டியில் முருகன் இறுக ஒட்டிக்கொண்டார்.

"இதை எடு. சாமியே பிடிச்சுக்கொண்டு நிக்குது," என்றார் அன்ரி.

அந்த வெள்ளி வந்தது. வெளியே கை விறைக்கும் குளிர். குழுவில் எல்லோரும் வந்து ஒரு மேசையைச் சுற்றி இருந்தார்கள். கதவுகள் மூடியிருந்தன. சோறும் கறிகளும் ஆகி, பருப்புக்குத் தாளிக்கும் நேரமானதும் குசினியிலிருந்து குரல் வந்தது: "கதவைத் திறவுங்கோ, தாளிக்கப்..." அன்ரி பாதியில் நிறுத்திக்கொண்டார். அதற்குள் பாதி மண்டபம் எழுந்துவிட்டது. நான் பெரிய கதவில் முதுகைச் சாத்திக்கொண்டு நின்றேன். ஒரு அங்கிள் என் தோளுக்கு மேலால் கைப்பிடியைத் தேடினார், பழக்கதோஷம். கெஞ்சி இருத்தினேன்.

கடுகு வெடித்தது. பிறகு செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கடைசியாக ஈரக் கறிவேப்பிலை. அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லோர் தலையும் மேலே, கூரையில் ஒட்டியிருந்த அந்த வெள்ளை வட்டத்தை நோக்கி நிமிர்ந்திருந்தது. கோயிலில் தீபாராதனைக்குக்கூட எங்கள் ஆட்கள் இத்தனை ஒழுங்காக ஒரே பக்கம் பார்த்து நான் கண்டதில்லை. அலாரத்தின் சின்னப் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. அது வாயே திறக்கவில்லை. புகை புதுக் குழாய் வழியாகக் கார் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்ரி கரண்டியோடு வாசலுக்கு வந்து, "தாளிச்சாச்சு," என்றார். முதலில் கை தட்டியவர் தாடிக்காரர்.

பிறகு நடந்ததை ஒருவரும் திட்டமிடவில்லை. சாப்பிடத் தொடங்கியதும் ஒருவர் கோட்டைக் கழற்றினார். பக்கத்தில் இருந்தவரும் கழற்றினார். தொப்பிகள் மேசைக்கு வந்தன. எனக்கு முன்னால் இருந்த ஒரு அன்ரி கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டபோது உள்ளே மயில்நீலத்தில் அகலக் கரை போட்ட பட்டுச் சேலை. இன்றைக்கென்று உடுத்து வந்தீர்களா என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. எல்லா வெள்ளிக்கும் நல்ல சேலைதான் உடுத்துக்கொண்டு வாறனான். குளிருக்க ஆர் பாத்தது?"

சுற்றிப் பார்த்தேன். மண்டபம் முழுக்க நிறம். மாம்பழ மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகள். குளிர்காலம் குளிர்காலமாகக் கோட்டுக்குள்ளே இவ்வளவு வடிவாக வந்து போயிருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அப்போது சமையல் அன்ரி முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டு வந்தார்.

"சரியான வெக்கையாக் கிடக்கு. உந்த ஹீட்டரைக் குறைச்சு விடு பிள்ளை."

அவர் என்ன கேட்கிறார் என்று தாடிக்காரர் கேட்டார். மொழிபெயர்த்தேன். ஹீட்டரைக் குறையுங்கள் என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டித் தோற்றுப்போன மனிதர் அவர். முகம் முழுக்கச் சிரிப்போடு எழுந்து போய்த் தன் கையாலேயே குறைத்துவிட்டு வந்தார்.

பாயாசத்துக்குப் பிறகு குழு அந்த மேசையிலேயே கூடியது. மண்டபம் குளிர்காலத்திலும் திறந்திருக்க வேண்டும், மற்ற மண்டபங்களின் குசினிகளையும் இதே மாதிரித் திருத்த வேண்டும் என்று தலைவி வாசித்தார். எல்லோரும் கை தூக்கினோம். என் கையில் பருப்பு காய்ந்திருந்தது. கவுன்சில் பிறகு அந்த ஆலோசனையை அப்படியே ஏற்றுக்கொண்டது. எங்கள் தெரு விளக்கு மட்டும் இன்னும் பகலில் எரிகிறது, அதை நான் விடப்போவதில்லை.

அன்றைக்குக் கை தூக்கி முடிந்ததும் குசினிக்குள் போய் அன்ரியிடம் சொன்னேன்: குழு முழுக்க எங்கள் பக்கம், இனி மண்டபத்தை மூடமாட்டார்கள். அவர் புதுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேய்க்கிற கை மட்டும் சற்று நின்றது.

"அப்ப வாற வெள்ளிக்கு நேரத்தோட எழும்பவேணும்," என்றார். "இன்னொரு சட்டியும் வேணும் பிள்ளை. நாளைக்கு முருகனையும் கூட்டிக்கொண்டு வாறன்."