மெதுவாக நடப்பவர் யார்?

வழிகாட்டியோடு இமயமலையில் ஒரு வாரம் நடப்பதற்காக, நானும் மனைவியும் நண்பர்களோடு ஊருக்குப் பக்கத்து மருந்துவாழ்மலையில் ஏறிப் பழகினோம். அவள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"உன்னால எல்லாருக்கும் லேட்டாவும். நீ வீட்டுல நில்லு" என்று நண்பர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

மறுவாரம் வழிகாட்டி போனில் ஆங்கிலத்தில் கேட்டார். "உங்களில் மெதுவாக நடப்பவர் யார்? அவர் நடையைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நாளின் தூரத்தையும் வைப்பேன். அவர்தான் வரிசையில் முதலில் நடப்பார்."

போனைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். "நீயும் வாறியா?"

"எனக்க ஷூவ தங்கச்சிக்க மவளுக்குக் குடுத்தாச்சு. நீங்க போயிட்டு வாங்க." மீன் கழுவிக்கொண்டிருந்த கையை அவள் நிறுத்தவில்லை.

வழிகாட்டி காத்திருந்தார். "அப்படி யாரும் இல்லை" என்றேன்.

பனிமலையைப் பற்றி யார் கேட்டாலும், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நான் சொன்ன அந்தப் பதில்தான்.