பதினான்காம் பாரம்

மருந்து வாங்கி வருகிறேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டுப் போன மனிதர் பதினோரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் மருந்து இல்லை. ஒரு பெட்டி இருந்தது, கூடவே ஓர் இருமலும் இருந்தது.

அந்த இருமலைப் பைண்டரம்மா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். போன வாரம்தான் தியேட்டரில் கேட்டிருந்தாள். முதலில் வறட்டு இருமல் இரண்டு, பிறகு வாயில் கைக்குட்டை, கடைசியில் "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று ஒரு வாடிய சிரிப்பு. படத்தில் ஹீரோ இருமியதை ஒன்றுவிடாமல் வாசலில் நின்று இருமிக் காட்டினார் அவளுடைய புருஷன். அடப்பாவி, இருமலைக்கூடச் சொந்தமாக இரும வராத மனுஷன்!

"உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" என்றார். "அதான் படத்துல ஊரே பார்த்துடுச்சே, நீ எனக்குக் கதவைத் திறந்ததை."

பைண்டரம்மா பசைக் கையோடு நின்றாள். பதினோரு வருஷத்து வசவு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லித் தீர்த்திருந்தால் அன்றைக்கே ஆறிப்போயிருக்கும். அவளுக்கு ஆற வேண்டாம். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, பாதியில் நின்ற தையலில் போய் உட்கார்ந்தாள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். முன்னறை பைண்டிங் கடை, பின்னறை வீடு, நடுவில் ஒரு துணித் திரை. அவளுடைய உலகம் அவ்வளவுதான். அச்சகத்திலிருந்து பெரிய பெரிய தாள்களாக வரும். ஒரு தாளை மடித்தால் பதினாறு பக்கம், அதற்குப் பாரம் என்று பெயர். பாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்து, அட்டை போட்டு, ஓரம் வெட்டினால் புத்தகம். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கும், முந்தையதைவிடக் கொஞ்சம் கீழே. அடுக்கிப் பார்த்தால் முதுகில் படிக்கட்டு இறங்குவது தெரியும். ஒரு படி காணாமல் போனால் ஒரு பாரம் விட்டுப்போயிற்று என்று அர்த்தம். எந்தப் பைண்டரும் புத்தகத்தைப் படித்துப் பார்த்துச் சரிபார்ப்பதில்லை. படியைத்தான் பார்ப்பார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கட்டிங் மிஷின் அவள் இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் டாக்டர் ஒரு சீட்டு எழுதினார். புருஷன் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் விளக்கு வைக்கும் நேரம்வரை பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார் என்று ஆறு மாதம் கழித்து யாரோ சொன்னார்கள். விரல் போன பெண்டாட்டியால் தனக்கு என்ன உபயோகம் என்று கேட்டாராம். சொன்னவர்களுக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியவில்லை.

எட்டு விரலோடு அவள் தொழிலைத் திரும்பக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த தங்கச்சி சாயங்காலங்களில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தாள் மடித்துக் கொடுப்பாள். மடித்துக்கொண்டே அக்கா சொன்னதையெல்லாம் மனதில் போட்டுவைத்து, நாலு வருஷத்தில் ஒரு நாவல் எழுதிவிட்டாள். இருநூற்று இருபத்து நாலு பக்கம், சரியாகப் பதினான்கு பாரம். நாவலின் முடிவில் ஓடிப்போன புருஷன் மழையில் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறாள்.

அக்கா படித்தாள். ஒவ்வொரு வரியும் தன் வாயிலிருந்து பிடுங்கியது மாதிரி இருந்தது. ஒரே ஒரு குறைதான்.

"தண்ணி எதுக்குடி குடுத்தா?"

"கதைக்குக் கொஞ்சம் ஈரம் வேணும்க்கா" என்று சிரித்தாள் தங்கச்சி.

பதிப்பாளர் இரண்டாயிரம் பிரதிக்குத் தாள் அச்சடித்து, எண்ணூறை மட்டும் பைண்டிங் செய்யச் சொன்னார். மீதி ஆயிரத்து இருநூறு பிரதிக்கான பாரங்கள் மடித்த கட்டுகளாகக் கடைப் பரணில் தூங்கின. விற்றால் மறுபடி தைக்கலாம் என்பது கணக்கு. விற்கவில்லை.

பிறகுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை தெரியுமல்லவா, அது அங்கே தொடங்கியது. நாயகிக்கு விரல் போனால் பாட்டுக் காட்சியில் கையை எப்படிக் காட்டுவது? ஆகவே விரல் பிழைத்தது, வெறும் காய்ச்சல். கடைக்குள் நாயகி ஆடும்போது மேலே தாள் தாளாகப் பறந்தது. அத்தனையையும் யார் பொறுக்குவது என்றுதான் பைண்டரம்மா யோசித்துக்கொண்டிருந்தாள். ஹீரோ பெரிய நடிகர், பெண்டாட்டியை விட்டு ஓடலாமா? ஆகவே அவருக்குத் தீராத நெஞ்சு நோய், அவள் கஷ்டப்படக் கூடாது என்று தியாகம் செய்து ஒதுங்கிப் போகிறார். கடைசியில் அவள் கதவைத் திறந்து, மழையில் அவர் காலில் விழுந்து, "என்னை மன்னிச்சிடுங்க" என்கிறாள். மன்னிப்புக் கேட்பது அவள்! தியேட்டரே மூக்கைச் சிந்தியது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரி நாற்காலியைத் தங்கச்சி நாலு பக்கம் எழுதியிருந்தாள். படத்தில் வெறும் நாற்காலியை மட்டும் காட்டினார்கள், பேச்சு இல்லை, இசை இல்லை. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் நகர்ந்து இறங்கியது. பைண்டரம்மா அந்த இடத்தில் உடைந்து அழுதாள். எழுத்தால் ஆகாதது அதில் ஆகியிருந்தது. இவ்வளவு தெரிந்தவர்கள் கடைசியில் இப்படிச் செய்தார்களே என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சரி, திரும்பி வந்தவரிடம் வருவோம். கதவு சாத்தப்பட்டதும் அவர் படியில் உட்கார்ந்து இரும ஆரம்பித்தார். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அக்கா தன் மாடி அறையைத் திறந்துவிட்டாள். வேளாவேளைக்குச் சாப்பாடு, வெந்நீர், ஒரு போர்வை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"அவ்வளவு பெரிய நோயை மறைச்சு உனக்காக ஒதுங்கிப் போன மனுஷன். கல்லு மனசா உனக்கு?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"அது படத்துலக்கா."

"படம் உன் கதைதானே?"

புத்தகம் இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்று சொல்லலாம். எண்ணூறு பிரதிகூட விற்காத புத்தகம் எங்கே, ஊரே பார்த்த படம் எங்கே.

அந்த வாரமே பதிப்பாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"பைண்டரம்மா, பரண்ல இருக்கற கட்டெல்லாத்தையும் இறக்குங்க. ஹீரோ படம் போட்ட அட்டையோட திரும்ப விடறோம். முதல் பதிமூணு பாரம் அப்படியே இருக்கட்டும். கடைசிப் பாரத்தை மட்டும் எடுத்துட்டு, நான் அனுப்பற புதுப் பாரத்தை வெச்சுத் தைச்சிடுங்க. அதுல படத்தோட முடிவு இருக்கும். படம் பார்த்துட்டு வாங்கறவங்க ஏமாந்துடக் கூடாது பாருங்க."

"என் தங்கச்சி சம்மதிச்சாளா?"

"கையெழுத்தே போட்டுட்டாங்க. விழாவுல டைரக்டரே கடைசிப் பக்கத்தை வாசிக்கறார். வாசிச்சு முடிச்சதும் உங்க வீட்டுக்காரரை மேடைக்குக் கூப்பிட்டு உங்க ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கப் போறார். பத்திரிகைக்காரங்க எல்லாம் வர்றாங்க. நீங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது."

அன்று சாயங்காலம் தங்கச்சி வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "சினிமா வேற, புத்தகம் வேறன்னு சொல்லித்தான் முதல்ல கையெழுத்து வாங்கினாங்கக்கா. இப்ப புத்தகமும் சினிமா மாதிரி இருக்கணும்ங்கறாங்க. எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியல. புது முடிவை அவங்க அசிஸ்டென்ட்தான் எழுதினான்."

பைண்டரம்மா அவளைத் திட்டவில்லை. "அந்த டைரக்டர் உன் புத்தகத்தைப் படிச்சாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்க! கார்ல போறப்ப அசிஸ்டென்ட் கதை சொன்னானாம், கேட்டாராம். புது முடிவும் அப்படித்தான் ஓகே ஆச்சு."

அக்கா முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்துத் தங்கச்சிக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

புதுப் பாரங்கள் வந்து இறங்கின. பைண்டரம்மா கடைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது நாள் வேலை செய்தாள். எதிர்மாடியிலிருந்து இருமல் வரும்போதெல்லாம் ஊசியை இன்னும் அழுத்திக் குத்தினாள். இரு, உனக்கு இருக்கிறது என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னாள். எதிர்வீட்டு அக்காவுக்கு, "விழாவுக்கு வரேன், அவரையும் நல்ல சட்டை போட்டுக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியனுப்பினாள். கல்லும் கரைந்துவிட்டது என்று தெரு சந்தோஷப்பட்டது. அட்டை போடுவதற்கு முன்னால் பதிப்பாளர் வந்து நாலைந்தைப் புரட்டி முதுகைப் பார்த்தார், படிக்கட்டு ஒழுங்காக இறங்கியது. டைரக்டர் வாசிக்கவேண்டிய பிரதியில் கடைசிப் பக்கங்களுக்கு ஒரு சிவப்பு நாடா வேறு வைத்திருந்தாள்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் புதுச் சட்டையோடு புருஷன், மடியில் கைக்குட்டை. டைரக்டர் மைக்கைப் பிடித்தார். "இந்த நாவலை நான் ஒரே மூச்சுல படிச்சேன். கடைசிப் பக்கத்துல அழுதேன். அந்தப் பக்கத்துல ஒரு வார்த்தையைக்கூட நான் மாத்தல" என்றார். கைதட்டல். நாடா வைத்த இடத்தைப் பிரித்துக் குரலை நடுங்கவிட்டு வாசித்தார்.

"மழையில் நனைந்தபடி அவன் கதவைத் தட்டினான். உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஊசி நின்றது. அவள் எழுந்து கதவருகே வந்தாள்."

பக்கத்தைத் திருப்பினார்.

"கதவைத் திறக்கவில்லை. பக்கத்து ஜன்னலைத் திறந்தாள்."

டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார். பதிப்பாளரைப் பார்த்தார். பதிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை என்று இப்போதுதான் சொன்ன வாய், நிறுத்தவும் முடியாது. எதிரே முந்நூறு பேர். இந்த முறை தானாகவே நடுங்கிய குரலில் தொடர்ந்தார்.

"கம்பி வழியாக ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். 'குடிச்சுட்டுப் போங்க' என்றாள். 'மருந்தோட வருவீங்கன்னு எத்தனையோ நாள் வாசலைப் பார்த்தேன். புண்ணு தானா ஆறிடுச்சு. இனி மருந்தும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.' ஜன்னலைச் சாத்தினாள். ஊசி மறுபடி ஓடத் தொடங்கியது."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று கைதட்டினாள், பிறகு இன்னொருத்தி, பிறகு பாதி மண்டபம். மேடையில் தங்கச்சி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் எல்லாரும் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். சேர்த்து வைப்பதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு ஓர் இருமல்கூட வரவில்லை.

பதிப்பாளர் ஓடி வந்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க!"

"என்ன பண்ணேன்? நீங்களே முதுகைப் பார்த்தீங்களே. படி சரியாத்தானே இறங்கிச்சு?"

"புதுப் பாரம் ஆயிரத்து இருநூறும் எங்க?"

"எங்கயும் போகல. அட்டையில உள்பக்கம் ஒட்டியிருக்கேன், ஹீரோ படத்துக்கு நேர் பின்னாடி. அட்டை நல்லா கெட்டியா வந்திருக்கு."

அவர் பல்லைக் கடித்தார். அதற்குள் புத்தக மேஜைக்கு முன்னால் வரிசை கதவைத் தாண்டிவிட்டது. பல்லைக் கடித்தபடியே விற்கப் போனார்.

மறுநாள் காலை வெயில் ஏறியபோது கதவு தட்டப்பட்டது. புருஷன்தான். எதிர்மாடி அறையை இரவோடு இரவாகப் பூட்டிவிட்டார்களாம். ஒரு கையில் பெட்டி, மறு கையில் புத்தகம். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசி வரைக்கும் படித்திருக்கிறார் போலிருந்தது.

"உள்ள வரேன்னு சொல்லல" என்றார். தொண்டை நிஜமாகவே வறண்டிருந்தது. "புத்தகத்துல போட்டிருக்கறபடி ஒரு டம்ளர் தண்ணி குடு. குடிச்சுட்டுப் போயிடறேன்."

பைண்டரம்மா உள்ளே போனாள். பானையிலிருந்து டம்ளர் வழிய வழியத் தண்ணீர் மொண்டு வந்தாள். ஜன்னலைத் திறந்தாள். அவர் கை கம்பிக்குள் நீண்டது.

"தண்ணி குடுத்தது கதையில வர்றவ" என்றாள். "என் தங்கச்சிக்கு இளகின மனசு, அப்படி எழுதிட்டா. நான் குடுக்கறதா எங்கயும் சொல்லல."

அவர் கண்ணெதிரிலேயே டம்ளரை வாயில் வைத்து, ஒரு சொட்டு விடாமல், நிதானமாகக் குடித்தாள். மூன்று விரல் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள்.